அழித்தால் மட்டும் போதுமா?

பொழுது விடியும் முன்னரே பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணி போன்ற ஊர்களின் சாலையோரங்களில் தொழிற்சாலைப் பேருந்துக்காகப் பலர் காத்திருக்கின்றனர். அவர்களுள் பலருடைய தாத்தாவும் பாட்டியும் இதே நேரத்தில் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பால்மரம் சீவச் சென்றவர்கள். பேரப்பிள்ளைகளோ கூலிம் ஹைடெக் பூங்காவுக்குச் செல்கின்றனர். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பூங்கா, மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழிற்பூங்காவாகும். இன்டெல், இன்ஃபினியோன், சில்டெரா, ஃபர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்கள் இங்கு இயங்குகின்றன. தோட்டப்புறத்திலிருந்து வந்த பல குடும்பங்களில் இன்று அடுப்பெரிவது இப்பூங்காவின் வருமானத்தால்தான்.

சில்லு செய்யும் தொழிற்சாலைக்குப் பெரும்பகை தூசி. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று சிலிக்கான் தகட்டின்மேல் படிந்தாலும் அந்த இடத்திலுள்ள சில்லு பழுதாகிவிடும். ஆகவே, ஊழியர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடையணிந்தே தூய்மையறைக்குள் நுழைகின்றனர். அங்குள்ள காற்று ஓயாமல் வடிகட்டப்படுகிறது. ஆயினும், எந்த வடிகட்டியாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு. அது விரலி வழியாகவும் கம்பிவடம் வழியாகவும் பழுதுபார்க்க வந்தவரின் மடிக்கணினி வழியாகவும் உள்ளே வரலாம். அதுதான் தீநிரல். கணினிக்குக் கேடு செய்யவும், தகவலைத் திருடவும், பணம் பறிக்கவும் எழுதப்படும் நிரல்கள் அனைத்துக்கும் ‘மால்வேர்’ அல்லது தீநிரல் என்பது பொதுப்பெயர்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. தைவானில் உள்ள டி.எஸ்.எம்.சி. நிறுவனம், பிறர் வடிவமைக்கும் சில்லுகளைத் தயாரித்துத் தரும் நிறுவனங்களுள் உலகிலேயே பெரியது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், அங்குப் புதிய இயந்திரம் ஒன்றில் மென்பொருளை நிறுவும்போது தவறு நேர்ந்தது. அவ்வியந்திரத்தை நிறுவனத்தின் வலையமைப்புடன் இணைத்ததும் தீநிரல் பிற இயந்திரங்களுக்குப் பரவியது. எல்லாம் சீராவதற்கு ஆகஸ்டு 6ஆம் நாள் ஆகிவிட்டது. அக்காலாண்டின் வருவாயில் ஏறத்தாழ 3 விழுக்காடு பாதிக்கப்படலாம் என நிறுவனமே முதலில் மதிப்பிட்டது. பரவியது ‘வான்னாகிரை’ என்னும் தீநிரலின் திரிபு. அது நுழையும் ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஓராண்டுக்கும் மேலாக மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் நோய் பரவியது.

மலேசியாவும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், எக்ஸ்-ஃபேப் என்னும் சில்லுத் தயாரிப்புக் குழுமம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. அதன் ஆறு தொழிற்சாலைகளிலும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அவற்றுள் ஒன்று சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் உள்ளது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மலேசிய விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தின் கணினி அமைப்புகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டு மிரட்டினர். பணம் கொடுக்கப் போவதில்லை எனப் பிரதமர் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார்.

இத்தகைய செய்திகளைப் படிப்போர் பெரும்பாலும் ஒரே தீர்வைத்தான் கூறுகின்றனர்: ‘தீநிரலைக் கண்டதும் அழித்துவிட வேண்டும், அதைத் தொடவும் கூடாது, அதைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் கூடாது.’ இக்கருத்தில் பாதி உண்மை உண்டு. பயிற்சி இல்லாதவர் தீநிரலைத் தொடக்கூடாது என்பது சரியே. ஆனால், அதைப் பற்றி எவருமே கற்கக்கூடாது என்பது ஆபத்தான முடிவு. அழிப்பவருக்குத் தீநிரல் எங்கிருந்து வந்தது, எதைத் திருடியது, இன்னும் எந்தக் கணினியில் ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது. தெரியாதவரை, அழித்தது மீண்டும் வரும். சட்டமும் அழிப்பதோடு நிறைவடைவதில்லை. 2024ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பை நடத்தும் அமைப்புகள், தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் முதல் தகவலை அளிக்க வேண்டும். 14 நாள்களுக்குள் கூடுதல் விவரங்களையும் தர வேண்டும். என்ன நடந்தது என்று கேட்கும் சட்டத்திற்கு, ‘அழித்துவிட்டோம்’ என்பது விடையாகாது.

விடை சொல்ல வேண்டுமானால் தீநிரலைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். நோய் இன்னதென்று அறிந்து, அது வந்த காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்பது திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் காட்டும் முறை. தீநிரல் ஆய்வும் அம்முறையில்தான் நடைபெறுகிறது.

ஆய்வில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தீநிரலை இயக்காமலேயே படிப்பது. ஆய்வாளர் முதலில் அக்கோப்பின் ‘கைரேகை’யைக் கணக்கிடுகிறார். எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கீட்டு முறை, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரே வரியாகச் சுருக்கித் தரும். அக்கைரேகையை உலக ஆய்வாளர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டால், அத்தீநிரலை முன்பே யாரேனும் கண்டிருக்கிறார்களா என்பது தெரியவரும். பின்னர், கோப்பின் உள்ளே புதைந்திருக்கும் சொற்களையும் இணைய முகவரிகளையும் அவர் தேடுகிறார். இறுதியாக, கணினிக்கு மட்டுமே புரியும் கட்டளைகளை மனிதர் படிக்கக்கூடிய வடிவத்திற்கு மாற்றி, வரிவரியாகப் பொருள் காண்கிறார். கல்வெட்டைப் படிப்பவருக்குத் தேவையான பொறுமை இதற்கும் தேவை.

இரண்டாவது வழி, தீநிரலை இயக்கிப் பார்ப்பது. இதற்கு ‘மெய்நிகர் கணினி’ பயன்படுகிறது. உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி அது. அதனை வெளி வலையமைப்பிலிருந்து துண்டித்து, தீநிரலை அதற்குள் விடுகின்றனர். அது எந்தக் கோப்பைத் திறக்கிறது, எதை மாற்றுகிறது, எந்த முகவரியைத் தேடுகிறது என்பவை ஒவ்வொன்றும் பதிவாகின்றன. ஆய்வு முடிந்ததும் அந்த மெய்நிகர் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவர். நச்சுப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அதன் போக்கைக் கவனிப்பது போன்றது இது. பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்பதே முதல் பாடம்.

இவ்வாய்வின் பயனை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் வான்னாகிரை பரவத் தொடங்கியது. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 அமெரிக்க டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 200,000க்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் பல தத்தளித்தன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது ஆங்கிலேய இளைஞர், அத்தீநிரலின் படி ஒன்றைப் பெற்றுத் தம் சோதனைக் கணினியில் இயக்கிப் பார்த்தார். பொருளற்ற எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட இணைய முகவரியை அது தேடுவதைக் கண்டார். அம்முகவரியை எவரும் பதிவு செய்திருக்கவில்லை. 10.69 டாலர் செலவில் அவர் அதனைத் தம் பெயரில் பதிவு செய்தார். அம்முகவரியிலிருந்து பதில் வந்ததும், புதிய கணினிகளில் வான்னாகிரை தன் வேலையைத் தொடராமல் நின்றது. அதைத் தடுக்கும் சாவி அதற்குள்ளேயே இருந்தது.

அம்முகவரியைப் பதிவு செய்தபோது, அது பரவலை நிறுத்தும் என்பது ஹட்சின்ஸுக்கே தெரியாது. தீநிரல் தேடும் முகவரிகளைப் பதிவு செய்து கண்காணிப்பது அவருடைய வழக்கமான பணி. அந்த வழக்கம்தான் அன்று பயன் தந்தது. தீநிரலைக் கண்டதும் அழித்துவிடும் பழக்கம் மட்டும் அவரிடம் இருந்திருந்தால், அந்தச் சாவி எவருக்கும் தெரியாமலேயே போயிருக்கக்கூடும். அவர் செலவிட்டது சில டாலர்களே; ஆனால், அதற்குப் பின்னால் பல ஆண்டுக் கற்றல் இருந்தது.

எனினும், இக்கல்வியை எதிர்ப்போர் கூறும் வலுவான காரணம் ஒன்றும் இதே இளைஞரின் வாழ்க்கையில் உள்ளது. அதை மறைப்பது நேர்மையாகாது. உலகம் பாராட்டிய மூன்றே மாதங்களில், 2017 ஆகஸ்டு மாதம், ஹட்சின்ஸ் அமெரிக்காவில் கைது செய்யப்பட்டார். வங்கிக் கணக்கு விவரங்களைத் திருடும் ‘குரோனோஸ்’ என்னும் தீநிரலை உருவாக்குவதில் அவர் முன்னர்ப் பங்கேற்றிருந்தார். 2019ஆம் ஆண்டு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் பின்னர் செய்த நற்பணியையும் கருத்திற்கொண்ட நீதிபதி, காவலில் கழித்த நாள்களையே தண்டனையாக ஏற்று, ஓராண்டு மேற்பார்வையில் இருக்கும்படி தீர்ப்பளித்தார். ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்பார்கள். தீநிரலைப் படிக்கும் திறமும் எழுதும் திறமும் ஒரே கிளையில் காய்ப்பவை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், இதிலிருந்து பெற வேண்டிய பாடம் என்ன? ஹட்சின்ஸ் தவறான வழியில் சென்றது பள்ளியில் கற்றதால் அன்று. பதின்ம வயதில், வழிகாட்ட ஆசிரியர் எவரும் இல்லாமல், இணையத்தின் இருண்ட மூலைகளில் தாமாகவே கற்றதால்தான். கதவை அடைத்துவிட்டால் ஆர்வமுள்ள மாணவன் கற்காமல் இருந்துவிட மாட்டான். பின்வாசல் வழியாகச் செல்வான். அங்கே அவனை வரவேற்பவர் ஆசிரியராக இருக்க மாட்டார். ஆகவே, இக்கல்வி வேண்டாம் என்பதைவிட, நெறியோடு கூடிய கல்வியாக அது வர வேண்டும் என்பதே சரியான முடிவு. சட்டம் இப்பாடத்தின் கடைசி அலகாக அன்று, முதல் அலகாக அமைய வேண்டும். மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அனுமதியின்றிக் கணினியின் உள்ளடக்கத்தை மாற்றினால், 100,000 ரிங்கிட் வரை அபராதமோ 7 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விளையாட்டாகச் செய்ததாகக் கூறித் தப்பிக்க முடியாது என்பதை மாணவர் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும்.

‘நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்தான் இருக்கிறதே, ஆய்வாளர் எதற்கு?’ என்றும் சிலர் வினவுகின்றனர். அம்மென்பொருள் பெரிதும் நம்பியிருப்பது, யாரோ ஓர் ஆய்வாளர் முன்பே கண்டறிந்து எழுதி வைத்த அடையாளங்களைத்தான். தீநிரலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் கைரேகை முழுமையாக மாறிவிடும். இன்றைய மென்பொருள்கள் நிரலின் நடத்தையையும் கவனிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், எந்த நடத்தை தீயது என்பதை அவற்றுக்குச் சொல்லித் தருவதும் மனிதர்தாம்.

இரப்பர் மரத்தை அறிந்த கெடா மக்களுக்கு இக்கருத்து புதிதன்று. அமெரிக்கத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு 1928ஆம் ஆண்டு பிரேசிலின் அமேசான் காட்டில் ‘ஃபோர்டுலாந்தியா’ என்னும் மாபெரும் இரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். இலைக்கருகல் நோய் அம்மரங்களைச் சூறையாடியது. 1945ஆம் ஆண்டு அத்தோட்டத்தை அவருடைய நிறுவனம் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டது. அந்நோய் மலேசியத் தோட்டங்களில் காலூன்றவில்லை. ‘இங்கு இல்லாத நோயைப் பற்றி நமக்கென்ன?’ என்று மலேசிய ஆய்வாளர்கள் இருந்துவிடவில்லை. அதன் அறிகுறிகளையும் பரவும் முறையையும் படித்தறிந்தனர்; அதனால்தான், தென் அமெரிக்காவிலிருந்து எவற்றைக் கொண்டுவரக் கூடாது எனக் கட்டுப்பாடு விதிக்க முடிந்தது. நோயைத் தோட்டத்திற்குள் விடாமல் காத்தது, அதைப் பற்றிய அறிவைத் தோட்டத்திற்குள் விட்டதால்தான்.

பள்ளி மாணவர்கள் உண்மையான தீநிரலைக் கையாள வேண்டும் என்று இக்கருத்துக்குப் பொருளில்லை. தீங்கற்ற கருவிகளைக் கொண்டே அடிப்படைகளைக் கற்பிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஐகார் சோதனைக் கோப்பு என்பது 68 எழுத்துக்குறிகள் மட்டுமே கொண்டது. அது எவ்விதத் தீங்கும் செய்யாது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் விழிப்புடன் இருக்கிறதா என்பதைச் சோதிப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. மருத்துவப் பயிற்சியில் பயன்படும் பொம்மை நோயாளியைப் போன்றது எனலாம். அவ்வாறே, மாணவர் தாம் எழுதிய கட்டுரையின் கைரேகையைக் கணக்கிட்டு, ஒரு காற்புள்ளியை நீக்கியபின் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 64 குறிகளுள் பெரும்பாலானவை உருமாறி நிற்பதைக் கண்ணால் கண்டவர், அப்பாடத்தை மறக்க மாட்டார்.

வீட்டிலும் இவ்வறிவுக்கு வேலை உண்டு. மலேசியாவில் புலனம் வழியாகத் ‘திருமண அழைப்பிதழ்’ என்ற பெயரில் ஒரு செயலியை அனுப்பி ஏமாற்றும் மோசடி பலரைப் பாதித்துள்ளது. அதை நிறுவியதும், குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கும். அனுமதி கிடைத்தால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடிக்காரரின் கைக்குப் போய்விடும். தோட்ட வீடமைப்பில் வாழும் ஒரு பாட்டி, பேத்தியிடம் அந்த அழைப்பிதழைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ‘யாரு வீட்டுக் கல்யாணம்மா இது, தெறந்து பாரு’ என்கிறார் பாட்டி. பேத்தி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்குப் பாட்டி ஒங்க மெசேஜைப் படிக்கணும்?’ ஒரு நிரல் தன் வேலைக்குத் தேவையற்ற அனுமதியை ஏன் கேட்கிறது என்று வினவுவதே தீநிரல் ஆய்வின் முதற்படி. அக்கேள்வி, வாழ்நாள் சேமிப்பைக் காப்பாற்றக்கூடும். பணம் பறிபோய்விட்டதென்றால், உடனடியாக 997 என்னும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும்.

கூலிம் வட்டாரத்திற்கு இதில் சிறப்பான வாய்ப்பும் பொறுப்பும் உள்ளன. ஹைடெக் பூங்காவிலேயே துவாங்கு சுல்தானா பஹியா பல்தொழில்நுட்பக் கல்லூரி அமைந்துள்ளது. தொழிற்சாலையும் கல்விக்கூடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, அவை இணைந்து செயல்படுவது எளிது. தீநிரல் ஆய்வைக் கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிடக் கூடாது. டி.எஸ்.எம்.சி. நிகழ்வில் தீநிரல் நுழைந்தது, இயந்திரத்தை நிறுவும் பணியின்போது. அதாவது, தொழில்நுட்பரின் கையே முதல் வாயிற்காவல். இயந்திரத்தை இணைக்கும் முன் சோதித்துப் பார்ப்பவரும், அதன் நடத்தை மாறும்போது ‘இது இயல்பன்று’ என்று உணர்பவரும் அவரே. அத்தகைய விபத்துகளிலிருந்து சில்லுத் தொழில்துறை பாடம் கற்றது. தொழிற்சாலைக்குள் வரும் இயந்திரங்கள் எத்தகைய பாதுகாப்புடன் இருக்க வேண்டும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு ‘செமி இ187’ என்னும் தரநிலை வெளியிடப்பட்டது. தரநிலை ஏட்டில் இருந்தால் போதாது. அதைப் பின்பற்றத் தெரிந்த கைகள் தொழிற்சாலையில் இருக்க வேண்டும்.

அக்கைகள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா? சீனி அதிகமான கணக்கும் தெளிவான சிந்தனையும் போல, இத்துறைக்கு வேண்டியவை பொறுமை, ஐயுறும் மனம், கண்டதை ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம் ஆகியவையே. ஊற்றுப் பால் அளவு குறைந்தால் மரப்பட்டையைப் பார்த்தே காரணம் சொன்ன தலைமுறையின் பிள்ளைகளுக்கு இவை எட்டாதவை அல்ல. இடைநிலைப்பள்ளியில் அடிப்படையும், கல்லூரியில் மெய்நிகர் கணினிப் பயிற்சியும், தொழிற்சாலையில் பட்டறிவும் படிப்படியாகக் கிடைத்தால், கூலிம் தன் காவலர்களைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

தீநிரலைக் கண்டு அஞ்சுவது இயல்பு. அழிப்பதும் தேவைதான். ஆனால், படித்துப் பார்க்காமல் அழிப்பவர் அடுத்த தாக்குதலுக்கும் அதே அச்சத்துடன் காத்திருக்க வேண்டியதுதான். அதிகாலையில் சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் பெற்றோரின் வேலையைக் காப்பதற்கு, அவர்கள் பிள்ளைகளின் அறிவைவிட நம்பகமான பூட்டு வேறில்லை. அந்த அறிவை, நெறியுடனும் துணிவுடனும் அவர்களுக்குத் தருவதே கல்வியின் கடமையாகும்.